தொண்டைப் புள்ளிகள்

மார்ச் 3

தம்பிக்கு,

நேற்று நீ நான்கு முறை அழைத்தாய். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் பேசினால் முதலில் சிரிப்பாய், பிறகு ஒரு கதை சொல்வாய், நானும் சரி போகட்டும் என்று வைத்துவிடுவேன். சின்ன வயதிலிருந்து இதுதான் நடக்கிறது. இந்த முறை எழுத்தில் கேட்கிறேன். நீயும் எழுத்திலேயே பதில் சொல்.

உங்கள் பண்ணையிலிருந்து போன வாரம் வந்த மர உடும்புக் குஞ்சுகள் ஏறவேண்டிய விமானம் புயலால் ரத்தாகிவிட்டது. என் முத்திரை விழுந்து, காகிதமெல்லாம் தயாராகி, வண்டியில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. பெட்டிகள் எங்கள் தனிமைப்படுத்தும் நிலையத்திலேயே தங்கிவிட்டன. மூன்று நாள் அடைத்துக் கிடந்தால் காய்ந்துபோகுமே என்று, திறந்து தண்ணீர் தெளிக்கச் சொன்னேன்.

கூண்டு கழுவும் அம்மா ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "டாக்டரம்மா, இதோட கக்கத்துல பாருங்க" என்றார். முன்னங்காலுக்கு அடியில் ஒரு உண்ணி. மிளகு அளவுக்கு ரத்தம் குடித்து உப்பியிருந்தது. காது ஓட்டையில் இன்னொன்று. "கூண்டுல பொறந்து வளர்ந்த குஞ்சுக்கு இது எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டார். இருபது வருடமாகக் கூண்டு கழுவுகிறவர். என்னைவிட அதிகம் பார்த்தவர்.

பிறகு எல்லாப் பெட்டிகளையும் திறந்தேன். சில குஞ்சுகள் கையைக் கண்டதும் தீனி வருகிறது என்று முன்னால் ஓடி வருகின்றன. சில மூலையில் முகத்தைப் புதைத்துக்கொள்கின்றன, தொட்டால் கடிக்கின்றன. ஒன்றுக்கு வால் நுனியில் ஆறிப்போன பழைய தழும்பு. உன் சான்றிதழில் எல்லாவற்றுக்கும் வயது இரண்டு மாதம் என்று இருக்கிறது.

எந்தப் பெண் உடும்பு, எந்தத் தேதியில், எத்தனை முட்டை இட்டது? எத்தனை பொரிந்தது? என்னிடம் வந்திருப்பவை இருபத்து நான்கு. பதிவேட்டைப் பார்த்து எழுது.

நோய் சந்தேகம் என்று எழுதிச் சரக்கை நிறுத்தி வைத்திருக்கிறேன். வேறு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

இது கடிதமா, சம்மனா என்று இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை, போ.

உண்ணி எங்கிருந்து வரும் என்றா கேட்கிறாய்? நீ இங்கே ஒரு நாள் வந்து நின்றால் உன் கக்கத்திலும் இருக்கும். கூண்டுக்குள் போடுகிற இலை, மரப்பட்டை, கிளை எல்லாமே காட்டிலிருந்து நான் வெட்டி வருவதுதான். இந்தப் பண்ணையில் உண்ணி ஏறாத ஜீவன் எங்கள் முதலாளி ஒருவர்தான். எந்நேரமும் தொப்பியோடு இருப்பதால் தொப்பிக்காரர் என்று கூப்பிடுகிறோம். அவர் தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை என்பதால், அவரைப் பற்றியும் அடித்துச் சொல்ல முடியாது.

வாலில் தழும்பு இருந்தால் கூடப்பிறந்தது கடித்திருக்கும். கூடப்பிறந்தவர்கள் கடிப்பது உனக்குப் புதிதா?

என்னிடம் இரண்டு பெண் உடும்புகள் இருக்கின்றன. பெரியவள், சின்னவள் என்று கூப்பிடுகிறேன். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. மழையில் நனைந்த வாழைக்குருத்து மாதிரி. பெரியவள் முட்டையிடும் முன் இரண்டு நாள் சாப்பிட மாட்டாள். மரத்தில் இருக்கும் கரையான் புற்றைக் குடைந்துதான் காட்டில் முட்டையிடுவார்கள் என்பதால் உடைந்த புற்று மண்ணைப் பெட்டியில் நிரப்பி உயரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவள் உள்ளே நுழைந்து குடைகிற சத்தம் பக்கத்து அறைவரை கேட்கும். பச்சோந்திகள் எட்டு, மரத்தவளைகள் ஏராளம். எல்லாம் நலம். என் முதுகுதான் நலமில்லை.

முட்டை விவரமெல்லாம் பதிவேட்டில் சரியாகத்தான் இருக்கிறது. பதிவேடு ஆபீஸ் அறையில், அது பூட்டிக் கிடக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மிருகக்காட்சிசாலையில் நான் காவல் இருந்த வாரத்தில் அந்தப் பச்சோந்தி ஜோடி காணாமல் போனபோது, நான் எடுக்கவில்லை என்று உன்னிடம்தான் முதலில் சொன்னேன். நீ சரி என்றாய். நான் குளிக்கப் போனதும் என் பையைத் திறந்து பார்த்தாய். கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை அக்கா. நான் பார்த்தேன். ஆறு வருடமாக இதைச் சொல்லவில்லை. இன்று நீ கேட்கிற தொனியில் அந்த ஜிப் சத்தம் கேட்கிறது.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். கரையான் புற்று இருக்கிறது, வாழைக்குருத்து இருக்கிறது, உன் முதுகு இருக்கிறது. நான் கேட்ட எண் மட்டும் இல்லை. இந்த வித்தையை நான் புதிதாகப் பார்க்கவில்லை.

இங்கே இரண்டு குஞ்சுகள் இறந்துவிட்டன. அறுத்துப் பார்த்தேன். குடல் முழுக்கப் புழு. அதில் ஒரு வகை காட்டு நத்தையைத் தின்றால் மட்டுமே வரும். நீ நத்தை போடுவதில்லை என்று எனக்குத் தெரியும். தீனி என்ன போடுகிறாய் என்று போன வருடம் நீயே என்னிடம் ஒரு மணி நேரம் சொன்னாய்.

பை விஷயம். ஆமாம், திறந்தேன். அதில் இரண்டு சட்டை, ஒரு சவரக் கத்தி, ஒரு டார்ச் லைட் தவிர ஒன்றும் இல்லை. அதைப் பார்த்தும் எனக்கு நிம்மதி வரவில்லை. வேறெங்கோ வைத்திருப்பான் என்றுதான் நினைத்தேன். இதை எழுதுவது எனக்குப் பெருமையாக இல்லை. நீ கேட்டதால் எழுதுகிறேன். நான் கேட்டதற்கு நீயும் இப்படியே எழுது.

நான் சொல்லித்தான் உனக்கு அந்தப் பண்ணையில் வேலை கிடைத்தது. உன் கையெழுத்துப் பொய்யானால் அதன்கீழே இருக்கும் என் முத்திரையும் பொய். அதை யோசித்தாயா?

எத்தனை பொரிந்தது?

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

ஒன்பது.

பெரியவளிடம் ஐந்து, சின்னவளிடம் நான்கு. டிசம்பர் கடைசி வாரத்தில் பொரிந்தவை. மூன்று முட்டை கூழாகிவிட்டது. பெட்டியில் நான் என் கையால் வைத்து அனுப்பியதும் ஒன்பதுதான். இருபத்து நான்கு என்று உன் முதல் கடிதத்தில் படித்ததும் பயந்துவிட்டேன். அதனால்தான் வாழைக்குருத்தெல்லாம் எழுதினேன்.

நான் சொன்னால் நம்பமாட்டாய் என்று தெரியும். அதனால் இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பொரிந்த ஒவ்வொரு குஞ்சையும் முதல் வாரத்தில் மல்லாத்திப் பிடித்துத் தொண்டையை வரைந்து வைப்பது என் பழக்கம். தொண்டையில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். நம் கைரேகை மாதிரி ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. வளர்ந்தாலும் இடம் மாறாது. பிரித்து ஒப்பிட்டுப் பார்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். போன செவ்வாய்க்கிழமை வேலிக்கு வெளியே ஒரு ஆள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, ரப்பர் பூட்ஸ். "யாருங்க நீங்க, என்ன வேணும்?" என்று கேட்டேன். "பறவை பார்க்க வந்தேன்" என்றார். கேமரா எங்கள் கொட்டகையைப் பார்த்து இருந்தது. கொட்டகையில் என்ன பறவை? உன் முதல் கடிதம் கிடைத்த நாலாவது நாள் அவர் வந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாயே. நீ அனுப்பிய ஆளா?

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

நான் யாரையும் அனுப்பவில்லை. அனுப்புவதாக இருந்தால் உனக்குச் சொல்லிவிட்டு அனுப்புவேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் அனுப்பவில்லை.

உன் தாளை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். கூண்டு கழுவும் அம்மா பிடித்துக்கொண்டார், நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இறந்தவற்றையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். உன் ஒன்பது படத்துக்கும் ஒன்பது குஞ்சுகள் இருக்கின்றன. ஒரு புள்ளி பிசகவில்லை. நீ இவ்வளவு நன்றாக வரைவாய் என்று எனக்குத் தெரியாது.

மீதிப் பதினைந்துக்குப் படம் இல்லை. அவை காட்டில் பிடித்தவை. சந்தேகமே இல்லை.

இப்போது சான்றிதழுக்கு வருகிறேன். "இருபத்து நான்கு குஞ்சுகள், பண்ணையில் பொரிந்தவை, என் பொறுப்பில் வளர்ந்தவை." அதன்கீழே உன் கையெழுத்து. போலி இல்லை. அந்தக் கடைசி எழுத்தின் வாலை நீ இழுக்கிற இழுப்பு வேறு யாருக்கும் வராது. ஒன்பதை அனுப்பியவன் இருபத்து நான்குக்கு எப்படிக் கையெழுத்துப் போட்டாய்?

எனக்குத் தோன்றுவதை மறைக்காமல் எழுதுகிறேன். உனக்கு எல்லாம் தெரியும். மாட்டிக்கொண்டோம் என்றதும் ஒன்பது படத்தை அனுப்பிவிட்டு, மீதிப் பதினைந்தை வேறு யார் தலையிலாவது கட்டப் பார்க்கிறாய். இல்லையென்றால் இல்லை என்று நிரூபி. மேலும் மூன்று இறந்துவிட்டன. மூன்றும் காட்டுக் குஞ்சுகள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் பிடி உடும்புப் பிடி என்று அம்மா சொல்வாள். சரி, கேள்.

நான் இங்கே சேர்ந்த மாதமே தொப்பிக்காரர் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு கட்டுப் படிவம். ஒன்றிலும் எதுவும் நிரப்பியிருக்கவில்லை. "அலுவலகம் இங்கேர்ந்து ஒரு நாள் பயணம். ஒவ்வொரு தடவையும் உன்னைத் தேடிட்டு இருக்க முடியாது. மொத்தமா போட்டுக் குடுத்துடு, விவரத்தை நாங்க எழுதிக்கிறோம்" என்றார். நாற்பது படிவம் இருக்கும். மிருகக்காட்சிசாலையிலிருந்து துரத்தப்பட்டவனுக்கு யாரும் வேலை கொடுக்காத நேரம். நின்றுகொண்டே போட்டேன். பேனாவும் அவருடையதுதான்.

பெட்டியை நான் மூடி வண்டிக்காரரிடம் கொடுப்பேன். வண்டி நேராக உன்னிடம் வருவதில்லை. பாதி வழியில் ஒரு கிடங்கில் ஒரு நாள் நிற்கும். அது எனக்குத் தெரியும். ஏன் நிற்கிறது என்று நான் கேட்டதில்லை. கேட்காததற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வை.

போன ஞாயிற்றுக்கிழமை மேலே காட்டுக்குள் போனேன். வழக்கமாக இலை வெட்டும் இடத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் நடந்தேன். மரத்தில் இருக்க வேண்டிய கரையான் புற்றுகள் தரையில் உடைந்து கிடந்தன. பதினேழு எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. சில இடத்தில் புற்றுக்காக மரத்தையே சாய்த்திருக்கிறார்கள். ஒரு பொந்தில் இருவாச்சி கூடு கட்டியிருந்தது. அந்த மரமும் விழுந்து, உள்ளே குஞ்சு செத்துக் காய்ந்திருந்தது. கிளையில் மெல்லிய கம்பிச் சுருக்கு ஒன்று இன்னும் தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இதெல்லாம் என் கையெழுத்துக்குக் கீழேதான் நடந்திருக்கிறது என்று.

இனி என் முறை. உன் முதல் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். விமானம் ரத்தானதால் பெட்டியைத் திறந்தாய். திறப்பதற்கு முன்பே உன் முத்திரை விழுந்திருந்தது. எப்படி? திறந்து, எண்ணி, ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் முத்திரை வைக்க வேண்டும் என்பது விதி. நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். இரண்டு வருடத்தில் எங்கள் பண்ணையிலிருந்து பதினொரு தடவை சரக்கு வந்திருக்கிறது. பதினொரு தடவையில் ஒரு உண்ணிகூட உன் கண்ணில் படவில்லையா? தொப்பிக்காரர் நகரத்துக்கு வரும்போதெல்லாம் உன் அலுவலகத்துக்கும் வருவார் என்று வண்டிக்காரர் சொல்கிறார். அங்கே என்ன பேசுவார்?

நான் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டுமா?

தம்பி


ஏப்ரல் 7

தம்பிக்கு,

அவர் வருவார். என் மேலதிகாரி அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு, போகும்போது என் வாசலில் நின்று, "உங்க தம்பி நல்லா பார்த்துக்கறார்" என்பார். எனக்கு அது கேட்கப் பிடிக்கும். அவ்வளவுதான். நீ வேறு எதையாவது நினைத்திருந்தால் அது இல்லை. நினைத்திருப்பாய்.

முத்திரை விஷயம். நான் பெட்டிகளைத் திறக்கவில்லை. ஒரு தடவைகூட. மற்ற பண்ணைகளின் பெட்டிகளைத் திறப்பேன். உங்கள் பெட்டி வந்தால் காகிதத்தைப் பார்ப்பேன், உன் கையெழுத்தைப் பார்ப்பேன், முத்திரை வைப்பேன். தம்பி அனுப்பியது என்ற நம்பிக்கையில் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று முழுவதும் யோசித்தேன். நம்பிக்கையாக இருந்தால் திறப்பதில் என்ன கஷ்டம்? திறந்தால் ஏதாவது இருந்துவிடும் என்ற பயம் எனக்கு இருந்தது. உன் பையைத் திறந்தபோது ஒன்றும் இல்லை. அடுத்த தடவை இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் திறக்காமலே விட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னை எழுத்தில் பதில் சொல்லச் சொன்னது போனில் நீ மழுப்புவாய் என்பதற்காக மட்டும் இல்லை. நாளைக்கு விசாரணை வந்தால் காட்ட என் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்றுதான். உன் மூன்று கடிதங்களும் உறையோடு, தேதி தெரிய, என் அலமாரியில் இருக்கின்றன. நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட்டதாக நீ எழுதியதும் அதில் இருக்கிறது.

இதை மேலே கொண்டுபோகாமல் இருக்க முடியாது. மேலதிகாரியைத் தாண்டி, தலைமை அலுவலகத்துக்கே எழுதப் போகிறேன். உன் பெயர் அதில் வரும். என் பெயரும் வரும்.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே எனக்குக் குழி வெட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். நான் தொண்டைப் புள்ளிகளை வரைந்து அனுப்பினேன், நீ உறையின் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நல்லது.

ஆனால் நீ ஒன்றை மறந்துவிட்டாய். உன் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன.

நேற்றுக் காலை தொப்பிக்காரர் இன்குபேட்டர் அறைக்கு வந்தார். அவர் அங்கே வருவதே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சின்னவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்காகிட்டேர்ந்து அடிக்கடி கடிதாசி வருது போல."

"ஆமாங்க."

"சரக்கை ஏன் நிறுத்தி வச்சிருக்காங்க?"

"நோய்னு சொன்னாங்க."

அவர் சிரித்தார். "உங்க அக்கா பெட்டியத் தொறக்காமலே முத்திரை வச்சவங்க. எனக்குத் தெரியும், ஆனா என்கிட்ட அத்தாட்சி இல்ல. உன்கிட்ட அவங்க கைப்பட எழுதினது ஏதாவது இருக்கும். அதைக் குடு. அக்கா சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு. எல்லாம் அங்கேயே முடிஞ்சிடும். உன் வேலை உனக்கு, உன் உடும்பு உனக்கு."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்தார், பிறகு ஒரு நாள் தள்ளிப் போட்டேன். இந்தக் கடிதம் போய் உன் பதில் வருவதற்குள் சனிக்கிழமை வந்துவிடும்.

உன் ஏப்ரல் 7 கடிதத்தைப் பெரியவளின் முட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவள் அதன்மேல்தான் படுத்திருக்கிறாள். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

இதை அவர் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை.

இந்த மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்குப் போகிறேன். உன் கடிதங்களைக் கொடுப்பேன். என் கடிதங்கள் உன்னிடம் இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது என்பது உன் இஷ்டம். வேண்டாம் என்று கெஞ்ச மாட்டேன். அவற்றில் இருப்பது எல்லாம் உண்மைதான். ஆனால் நான் சொல்லி நீ கையெழுத்துப் போட்டாய் என்ற அந்த ஒரு வரி பொய். அது உனக்கும் தெரியும்.

உன்னை நம்புகிறேன் என்று மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், பார். நம்புகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாததை எழுத விருப்பமில்லை.

என்ன நடந்தாலும் பெரியவளையும் சின்னவளையும் பட்டினி போட்டுவிடாதே. பண்ணைக்குச் சீல் வைத்தால் தீனி போட யாரும் இருக்கமாட்டார்கள்.

அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

இந்தப் பொட்டலத்தில் உன் கடிதங்கள் ஐந்தும் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துக்கொள். ஒன்றில் கறை இருக்கும், அது பெரியவளின் வேலை.

சனிக்கிழமை தொப்பிக்காரர் வந்தபோது எல்லாவற்றையும் எரித்துவிட்டேன் என்றேன். என்னை உற்றுப் பார்த்தார். பிறகு ஆட்களை விட்டு என் அறையைப் புரட்டிப் போட்டார். மெத்தையைக் கிழித்தார்கள். உடும்புப் பெட்டியில் கைவிட யாருக்கும் தைரியம் வரவில்லை. அன்று சாயங்காலமே அவர் பதிவேடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பொழுது விடிந்ததும் நான் வன அலுவலகத்துக்கு நடந்தே போனேன். கம்பிச் சுருக்கையும் எடுத்துப் போனேன். உள்ளே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு நரைத்த மீசை. "வாங்க, பறவை பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டார். அவர் நாலு மாதமாக எங்கள் பண்ணையைக் கவனித்துக்கொண்டிருக்கிறாராம். ஆக, அவர் நீ அனுப்பிய ஆள் இல்லை. உன்னைத் தப்பாக நினைத்தேன். இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

நிரப்பாத படிவம், கிடங்கு, புற்று எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மணி நேரம் எழுதினார். உன்னைப் பற்றிக் கேட்டபோது, "அதை அவங்கதான் சொல்லணும்" என்றேன். கூட எடுத்துப்போயிருந்த உன் கடிதங்களை வெளியே எடுக்காமலே திரும்பினேன்.

வேண்டுமென்றால் இவற்றை எரித்துவிடு. நான் யாரிடமும் இவை இருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

தம்பி


மே 4

தம்பிக்கு,

பொட்டலம் வந்த அன்று அதை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டை முழுதும் பெருக்கினேன். அடுப்பைத் துடைத்தேன். பற்றவைத்தும் பார்த்தேன். நான் எரிக்க நினைக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய்.

மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். உன்னுடையதும் என்னுடையதும் தேதி வரிசையில் அடுக்கி, ஒரே கோப்பில். வாங்கியவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுடையதையும் நீங்களே கொடுக்கறீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். வேலையிலிருந்து என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என் அறைச் சாவியை என் மேலதிகாரி வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. அவரையும் இரண்டு நாள் கழித்து நிறுத்திவிட்டார்கள். தொப்பிக்காரரைத் துறைமுகத்தில் பிடித்தார்களாம்.

இருபத்து நான்கில் பத்து இறந்துவிட்டன. எட்டு காட்டுக் குஞ்சுகள், இரண்டு உன்னுடையவை. உன்னுடையவற்றுக்குப் பெட்டிக்குள்ளேயே புழு தொற்றியிருக்கிறது. கடைசிவரை மருந்து கொடுத்தேன். மன்னித்துக்கொள்.

உன் குஞ்சுகளில் பிழைத்த ஏழும் விசாரணை முடியும்வரை நிலையத்திலேயே இருக்கும். பிழைத்த காட்டுக் குஞ்சுகளும் ஏழு. சோதனையில் இப்போது எல்லாம் சுத்தம். காட்டுக் குஞ்சுகளைப் பிடித்த இடத்திலேயே விடும்படி உத்தரவு. கூட ஒரு மருத்துவர் போக வேண்டும். ஆள் இல்லை. வேலையில் இல்லாதவள் போகலாமா என்று கேட்டேன், வன அலுவலகம் பொறுப்பேற்றால் போகலாம் என்றார்கள். நரைத்த மீசைக்காரர் பொறுப்பேற்றுவிட்டார்.

புதன்கிழமை காலை பஸ். நீ வருவாயா, மாட்டாயா என்று கேட்டுப் பதில் வாங்க இனி நேரமில்லை. நான் உங்கள் ஊர் பஸ் நிலையத்தில் இறங்கிப் பெட்டியோடு நிற்பேன்.

அக்கா


மே 24

அக்காவுக்கு,

நீ பஸ் ஏறிப் போய் பத்து நாளாகிறது. மூன்று நாள் ஒரே கூரையின் கீழ் இருந்தோம், அட்டை ஒட்டியிருக்கிறது, தண்ணீர் கொண்டுவா என்பதைத் தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை. எழுதி எழுதியே பழகிவிட்டது போலிருக்கிறது.

நேற்று நாம் குஞ்சுகளை விட்ட இடத்துக்குப் போனேன். உன்னிடம் சொல்ல வேண்டுமே என்றுதான் போனேன். விழாமல் தப்பிய புற்றுகள் நான்கு இருக்கின்றன. ஒன்றில் புதிதாக ஈரமண் பூசியிருக்கிறது, கரையான் ஓட்டையை அடைக்கிறது. ஏழில் ஆறு கண்ணில் படவே இல்லை. ஒரு பறக்கும் ஓணான் மரம் விட்டு மரம் தாவியது, அதை உடும்பு என்று நினைத்து ஒரு நிமிஷம் ஏமாந்தேன்.

மதியத்துக்கு மேல் ஒன்றைப் பார்த்தேன். வால் நுனியில் தழும்பு உள்ளவன். அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தான். இரண்டு மாதம் உன் கையிலிருந்து மருந்து குடித்தவன், என் பக்கம் ஓடி வருவானோ என்று கொஞ்சம் ஆசையாகவும் கொஞ்சம் கவலையாகவும் இருந்தது. நான் ஒரு அடி வைத்தேன். மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டான். நான் சுற்றிப் போனால் அவனும் சுற்றினான். கடைசிவரை எங்களுக்கு நடுவில் மரத்தை வைத்துக்கொண்டே மேலே ஏறிப் போய்விட்டான். அவன் நம்மை நம்பவில்லை அக்கா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெரியவளும் சின்னவளும் வன அலுவலகத்தின் பின்கட்டில் இருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை அவர்களுக்குத் தீனி போடுவது என் வேலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சின்னவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மண் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

விசாரணை அடுத்த திங்கட்கிழமை, மாவட்ட அலுவலகத்தில். முந்தாநாள் அங்கே போயிருந்தபோது அந்த அறையை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குமாஸ்தா வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். நம் பெயர்களைச் சொல்லி, நாங்கள் எங்கே உட்கார வேண்டும், எதிரெதிராகவா என்று கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான். அதோ அந்த பெஞ்ச்" என்று காட்டினார்.

சின்ன பெஞ்ச்தான். உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பேருக்குப் போதும்.

தம்பி